தனுஷ்கோடி நிலையமும் புயலின் மேற் போடப்பட்ட பழியும்

தனுஷ்கோடிப் புகையிரத நிலையத்தைப் பற்றித் தமிழில் எழுதப்படுவன பெரும்பாலும் ஒரே அச்சில் வார்க்கப்பட்டவை. இடிந்து நிற்கும் நிலையச் சுவர், கூரையிழந்த தேவாலயம், மணலுக்குள் மறைந்துபோன தண்டவாளம், 1964 டிசெம்பர் 22ஆம் திகதி நள்ளிரவு, பிரயாணிகளோடு கடல் கொண்டுபோன புகைவண்டி, அன்று பகலில் அங்கு வந்து திரும்பியதாற் பிழைத்துக்கொண்ட திரைப்பட நட்சத்திரத் தம்பதியர். இவற்றோடு 'பேய் நகரம்' என்ற பட்டத்தையும் சேர்த்துவிட்டாற் கட்டுரை முற்றுப்பெற்றுவிடும். தமிழகத்துச் சஞ்சிகைகள் இவ்வாறு எழுதுவதைப் பொறுத்துக்கொள்ளலாம். அந்நிலையத்தின் மறுகரை இலங்கை என்பதும், அதன் வழியே வந்தவர்களின் வழித்தோன்றல்கள் மலையகத்திலே வாழ்கின்றனர் என்பதும் அவற்றுக்கு அத்துணை முக்கியமல்ல. ஆயின் இலங்கைத் தமிழ் வாரமலர்களும் அதே கதையை அதே கண்ணீரோடு எடுத்தாளுவதை எங்ஙனம் பொறுப்பது?

இக்கதை இத்துணை எளிதாகப் பரவியமைக்குக் காரணம் உண்டு. புயலுக்கு நாடில்லை, நாடாளுமன்றம் இல்லை, அது எந்த ஒப்பந்தத்திலும் கையொப்பமிடுவதில்லை. புயலைக் குற்றவாளியாக்கிவிட்டால் வேறு எவரையும் கூண்டிலேற்ற வேண்டிய தேவை எழாது. புராணத்தைத் துணைக்கழைப்போருக்கோ இன்னும் வசதி. வீடணன் வேண்ட இராமன் வில்நுனியாற் சேதுவை உடைத்த இடமே அது என்பர். உடைக்கப்படவேண்டியது மீண்டும் உடைந்தது என்று முடித்துவிடுவர். உண்மை வேறு. அந்த நிலையக் கட்டடம் ஓரிரவில் அழிந்தது. அந்நிலையம் எந்தப் பாதைக்காகக் கட்டப்பட்டதோ அந்தப் பாதை ஓரிரவில் அழியவில்லை. 1939இலிருந்து 1984 வரை நாற்பத்தைந்து ஆண்டுக் காலத்தில், இரு கரைகளிலும் இருந்த அரசுகளால், தடைகளாலும் சட்டங்களாலும் ஒப்பந்தங்களாலும் அது படிப்படியாக மூடப்பட்டது. கட்டடத்தின் முடிவைப் பாதையின் முடிவாக எழுதுவது வரலாறன்று.

நிலையம் தோன்றிய காரணத்தை முதலில் நோக்குதல் வேண்டும். 1914ஆம் ஆண்டு பெப்ரவரி 24ஆம் திகதி பாம்பன் பாலம் திறக்கப்பட்டது. அதற்கு முன்னர் இந்தியாவிலிருந்து இலங்கைக்கு வருவோர் பெரும்பாலும் தூத்துக்குடியிற் கப்பலேறிக் கொழும்பில் இறங்குவர். பாலம் எழுந்தபின் பாம்பனிலிருந்து தீவின் தென்கிழக்கு முனை வரை தண்டவாளம் நீண்டது. அம்முனையிற் கடலை ஒட்டிய மணற்றிட்டிலே தனுஷ்கோடி நிலையமும் இறங்குதுறையும் அமைந்தன. அங்கிருந்து சுமார் 22 மைல் கடலைக் கடந்தால் தலைமன்னார்; தலைமன்னாரிலிருந்து மதவாச்சி வழியாகக் கொழும்புக் கோட்டை. சென்னை எழும்பூரில் ஏறுகின்ற ஒருவர் கொழும்புவரை ஒரே பயணச்சீட்டிற் செல்லலாம் என்ற நிலை ஏற்பட்டது. இதற்கே 'போட் மெயில்' என்று பெயர்.

இதிலே பலரும் கவனியாத ஒன்றுண்டு. பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குச் சென்றதே பிரதான பாதை. இராமேஸ்வரத்துக்குச் சென்றது பாம்பனில் பிரிந்த ஒரு கிளைப்பாதை மாத்திரமே. காசிக்கு நிகராகப் பாரத நாடெங்கணும் போற்றப்படும் தலத்தின் மூலவர் கிளைப்பாதையில் எழுந்தருளியிருந்தார். இலங்கையின் தேயிலைக்கும் இறப்பருக்கும் ஆட்களை அனுப்பும் துறை பிரதான பாதையில் இருந்தது. பிரித்தானிய ஆட்சியாளருக்கு எது முக்கியம் என்பதைத் தண்டவாளமே சொல்லிவிட்டது. அவர்கள் ஓடவிட்ட கப்பல்களின் பெயர்களும் அதைச் சொல்லும்: கர்சன், எல்ஜின், ஹார்டிஞ், பிற்காலத்தில் இர்வின், கோஷன். இராசப்பிரதிநிதிகளும் ஆளுநரும் கப்பல்களாகி மிதந்தனர்.

அப்பாதையாற் பயணம் இலகுவாயிற்று என்பதை மறுப்பதற்கில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டிலே கோப்பித் தோட்டங்களுக்கு வந்த முதல் தலைமுறையினர் மன்னார்க் கரையில் இறங்கி, வன்னியின் காடுகளூடாக மாத்தளை வரை நடந்தனர். தண்ணீரின்றியும் கொள்ளைநோய் கண்டும் வழியில் வீழ்ந்தோரின் எலும்புகள் அப்பாதையோரம் கிடந்ததைப் பழைய தலைமுறையினரின் வாய்மொழி மறக்கவில்லை. புகையிரதம் அந்த நடையை ஒழித்தது. ஆனால் நடையை ஒழித்ததேயன்றி அந்த நடையிற் பிணைந்திருந்த கடனை ஒழிக்கவில்லை. ஊரிலே கங்காணி கொடுத்த முன்பணம், வழிச்செலவு, சோற்றுச் செலவு யாவும் தொழிலாளியின் பேரில் ஏறின. ஒரு தோட்டத்திலிருந்து மறு தோட்டத்துக்குப் போக விரும்புபவன், கடன்தொகை எழுதப்பெற்ற 'துண்டு' இன்றிப் போக இயலாது. 1921இலேதான் இத்துண்டுமுறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. அதாவது, தனுஷ்கோடி நிலையம் திறந்த பின்னரும் ஏழாண்டுக் காலம், அங்கு வந்திறங்கிய தொழிலாளி தன் பயணச்சீட்டோடு தன் அடிமைச்சீட்டுக்கும் வழிதேடிக்கொண்டே கப்பலேறினான்.

இங்கு மண்டபத்தைப் பற்றிச் சொல்லாமல் அப்பாற் செல்ல முடியாது. பாம்பன் பாலத்துக்கு இப்பால், இந்தியப் பெருநிலத்தின் விளிம்பிலே, இலங்கை அரசாங்கம் ஒரு முகாமை நடத்திற்று. இந்திய மண்ணில் இலங்கையின் முகாம். தோட்டங்களுக்குச் செல்லும் தொழிலாளர் அங்கே நாட்கணக்கிற் தடுத்து வைக்கப்பட்டனர். அம்மைப்பால் கட்டப்பட்டது; துணிமணிகள் ஆவியில் அவிக்கப்பட்டன; தோட்டத்தின் பெயரும் இலக்கமும் பதிக்கப்பட்ட தகரச் சீட்டைத் தொழிலாளி தாங்கிச் சென்ற காலமும் உண்டு. முதலாம், இரண்டாம் வகுப்புப் பிரயாணிகளுக்கு இத்தகைய தடையில்லை. வைத்திய அதிகாரி பார்த்துவிட்டால் அவர்கள் நேரே தனுஷ்கோடிக்குப் போகலாம். கிருமி வகுப்புப் பார்த்துத் தொற்றும் என்று பிரித்தானிய வைத்தியம் எங்கே கற்றதோ தெரியவில்லை! தனுஷ்கோடி இறங்குதுறையில் ஒரே கப்பலிலே ஏறியவர்கள் ஒரே பாதையால் வந்தவர்களல்லர் என்பதே இதன் பொருள். ஒருவர் வண்டியில் உறங்கி எழுந்து வந்தார். மற்றவர் வேலிக்குள் கிடந்து வந்தார்.

இலங்கைத் தமிழரின் எழுத்தில் எஞ்சியிருக்கும் போட் மெயில், முதலாமவரின் போட் மெயிலாகும். மதவாச்சியில் வண்டி மாறித் தலைமன்னாருக்குப் போனது, சிதம்பரத்திலே மார்கழித் திருவாதிரை பார்த்தது, சென்னையிற் கல்லூரிப் படிப்பு, காஞ்சிபுரத்துச் சேலை, தமிழ்ச் சினிமாவின் முதற்காட்சி, அவ்வண்டியில் வந்திறங்கிய வார இதழ்க் கட்டுகள் - வடபுலத்து நடுத்தர வகுப்பினரின் நினைவுக் குறிப்புகளிற் திரும்பத் திரும்ப வருவன இவையே. இவை பொய்யல்ல. கடலைக் கடந்து சென்ற கலாசாரத் தொடர்பின் வரலாற்றுக்கு இவையும் வேண்டியவையே. ஆயினும் அதே கப்பலின் தளத்திலே மூட்டைகளுக்கு நடுவில், கைக்குழந்தையோடும் தகரப் பெட்டியோடும் குந்தியிருந்த கூட்டத்தை இந்நினைவுக் குறிப்புகள் ஏறிட்டும் பார்ப்பதில்லை. பார்த்தாலும், கடல் நோயால் வாந்தியெடுத்த 'கூலிகளின்' நெடியைப் பற்றிய முகச்சுளிப்பாக ஒரு வரி வரும். புதுமைப்பித்தன் 1930களிலேயே 'துன்பக்கேணி'யை எழுதித் திருநெல்வேலிக் கிராமத்துப் பெண்ணொருத்தியை இலங்கைத் தோட்டத்துக்குக் கூட்டிவந்து அங்கு நடப்பதை வெளிச்சமிட்டுக் காட்டினார். இலங்கையின் தேயிலைத் தோட்டத்தைக் காணாத ஒருவர் உணர்ந்ததை, அத்தேயிலையை நாள்தோறும் அருந்தியவர்கள் உணர நீண்டகாலம் பிடித்தது. வடக்கின் ஆறுமுகநாவலர் மரபு மலையகத்தைத் தன் வரலாற்றிலே சேர்த்துக்கொள்ளாததன் விளைவு, தனுஷ்கோடியைப் பற்றிய ஏக்கக் கட்டுரை வரை நீண்டிருக்கிறது.

இனிப் பாதை மூடப்பட்ட வரலாற்றுக்கு வருவோர் 1964இல் அல்ல, 1939இல் தொடங்குதல் வேண்டும். அவ்வாண்டு இலங்கை அமைச்சரவை, அரசாங்கத் திணைக்களங்களில் நாட்சம்பளத்துக்கு வேலைசெய்த இந்தியத் தொழிலாளரை நீக்கத் தீர்மானித்தது. நேரு கொழும்புக்கு வந்து பேசிப் பார்த்தார், பயனில்லை. அதற்கு மறுமொழியாக இந்திய அரசாங்கம் 1939 ஓகஸ்ட் 1ஆம் திகதி முதல், பயிற்சியற்ற தொழிலாளர் வேலைக்காக இலங்கை செல்வதைத் தடைசெய்தது. தோட்டத்திலிருந்து ஊர்த் திருவிழாவுக்கோ, சாவுக்கோ போனவர்கள் திரும்பிவருவதும் இதனாற் சிக்கலாயிற்று. ஒரு காலத்தில் ஆளைப் பிடித்துப் பிடித்து ஏற்றிய துறையிலேயே, ஆளைப் பிடித்துப் பிடித்து நிறுத்தத் தொடங்கினர். கடலிலே அலை எழவில்லை, காற்று வீசவில்லை. பாதையின் முதற் கதவு அவ்வாறு சாத்தப்பட்டது.

இரண்டாவது கதவு கொழும்பிலே சாத்தப்பட்டது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழரிற் பெரும்பாலோரை நாடற்றவராக்கிற்று. 1949இல் நிறைவேறிய தேர்தற் சட்டத் திருத்தம் அவர்களின் வாக்குரிமையையும் பறித்தது. அதே 1949இல் வந்த இந்திய, பாக்கிஸ்தானிய வதிவோர் சட்டம், விரும்பியவர் பிரசாவுரிமைக்கு விண்ணப்பிக்கலாம் என்று கூறிற்று. ஆனால் விவாகமானவர் ஏழாண்டும் ஆகாதவர் பத்தாண்டும் இலங்கையில் இடையறாது வசித்தமைக்குச் சான்று காட்டவேண்டும். இங்கேதான் தனுஷ்கோடி மீண்டும் வருகிறது. நோயாளியான தாயைப் பார்க்கப்போய் ஊரில் நெடுநாள் தங்கிவிட்டவன், மகளுக்குச் சம்பந்தம் பேசப்போய்ப் பணமின்றித் திரும்ப இயலாதிருந்தவன், யுத்தகாலத் தடையிலே அகப்பட்டுக்கொண்டவன் ஆகியோரின் வதிவு முறிந்ததாகக் கணிக்கப்பட இடமிருந்தது. எந்த அரசாங்கம் மண்டபத்தில் முகாம் போட்டு, அம்மைப்பால் கட்டி, பதிவேட்டில் எழுதி, தனுஷ்கோடித் துறையிற் கப்பலேற்றி அவர்களை வரவழைத்ததோ, அதே நாட்டின் அரசாங்கம் அதே துறையூடாகச் சென்று வந்ததை அவர்களுக்கு எதிரான சாட்சியமாக்கிற்று. எட்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் சார்பில் விண்ணப்பங்கள் குவிந்தன. பிரசாவுரிமை கிடைத்தோரோ ஏறத்தாழ 134,000 பேர்.

இக்காலத்திலேயே 'கள்ளத்தோணி' என்ற சொல் அரசியல் வசையாகப் பெருகியது. சட்டவிரோதமாய்த் தோணியில் வந்தோர் இருந்தனர். அதை மறைப்பது நேர்மையன்று. பாதையை மூடினாற் தோணி புறப்படும் என்பது எந்நாட்டுக்கும் பொருந்தும். ஆனால் அச்சொல் தோணியில் வந்தோர்மீது மாத்திரம் வீசப்படவில்லை. அரசாங்கத்தின் சீட்டோடு, அரசாங்கத்தின் கப்பலில் வந்தவரின் பேரப்பிள்ளைகள்மீதும் வீசப்பட்டது. அதைச் சிங்களப் பேரினவாதிகள் மட்டும் வீசவில்லை. தமிழ் வாயிலும் அது தாராளமாகவே புழங்கியது. தனுஷ்கோடி நிலையத்தின் வரலாற்றை ஒழுங்காகக் கற்பித்திருந்தால் அச்சொல்லைச் சொல்ல நா கூசியிருக்கும்.

மூன்றாவது கதவு சாத்தப்பட்ட திகதி 1964 ஒக்ரோபர் 30. அன்று புதுடில்லியிலே சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று. 975,000 மனிதர் கணக்கிடப்பட்டனர்: 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 150,000 பேரின் கதி பின்னர் தீர்மானிக்கப்படும். அந்த எஞ்சியோரை 1974இல் இரு பிரதமரும் ஆளுக்கு 75,000 என்று பாதி பாதியாகப் பங்கிட்டுக்கொண்டனர். பாகப்பிரிவினையிலே மாட்டைப் பிரிப்போர்கூட அந்த மாடு எந்தத் தொழுவத்தில் நின்று பழகியது என்று கேட்பதுண்டு. இங்கே எவரும் எவரையும் கேட்கவில்லை.

அந்த ஒப்பந்தம் கைச்சாத்தாகி ஐம்பத்து மூன்றாம் நாள் தனுஷ்கோடியைப் புயல் தாக்கியது.

இந்த ஐம்பத்து மூன்று நாளைப் பற்றி எழுதுவோர் அரிது. எழுதியிருந்தால் கதையின் போக்கே மாறியிருக்கும். புயல் வரும்போது அந்தப் பாதை செழித்திருந்த பாதையன்று. ஆளை வேலைக்குக் கொண்டுவந்த பாதை, ஆளை நாடுகடத்தும் பாதையாகத் திருப்பப்பட்டுவிட்டிருந்தது. தண்டவாளம் அதே தண்டவாளம். திசைதான் வேறு.

புயலின் கொடுமையை எவரும் குறைத்து மதிப்பிடமுடியாது. அந்தமானுக்குத் தெற்கே டிசெம்பர் நடுப்பகுதியில் உருவான தாழமுக்கம், 22ஆம் திகதி இலங்கையின் வடபகுதியைக் கடந்து சென்றது. மன்னாரும் அழிவுக்குத் தப்பவில்லை. தனுஷ்கோடியில் இருபது அடிக்கு மேலான பேரலைகள் எழுந்தன என்பர். அன்றிரவு பாம்பனிலிருந்து புறப்பட்ட 653ஆம் இலக்கப் பிரயாணிகள் வண்டி நிலையத்தை நெருங்கும் தறுவாயிற் கடலால் அடித்துச் செல்லப்பட்டது. இறந்தோர் பிரயாணிகள் 110 பேர், ஊழியர் ஐவர் என்று குறிப்பிடுவர். சீட்டின்றி ஏறியோரையும் சேர்த்தால் இருநூறு வரையாகலாம் என்ற மதிப்பீடும் உண்டு. சீட்டுள்ளவர் மாத்திரமே கணக்கில் வந்தனர். சுங்கம், அஞ்சல் தந்தி அலுவலகம், புகையிரத வைத்தியசாலை, பாடசாலை, துறைமுக அலுவலகம், மீனவர் குடியிருப்பு என்று அந்நிலையத்தைச் சுற்றி வளர்ந்திருந்த சிற்றூர் முழுவதும் நீரில் அமிழ்ந்தது. மாண்டோரிற் பலர் போட் மெயிலின் பெருமையை அறியாதவர்கள். மீன்கூடை சுமந்தவர்களும், பெட்டி தூக்கியவர்களும், கடைநிலை ஊழியர்களுமே அவ்வூரின் பெரும்பான்மையோர்.

இதன் பின்னர் நடந்ததே ஆராயத்தக்கது. அதே புயலிற் பாம்பன் பாலமும் சிதைந்தது. அதன் இரும்பு உத்திரங்களிற் பெரும்பாலானவை கடலுள் வீழ்ந்தன. அதை ஆறு மாதத்துள் திருத்த வேண்டுமென்று குறிக்கப்பட்டிருக்க, பொறியியலாளர் ஈ. ஸ்ரீதரனின் பொறுப்பிலே 46 நாளில் திருத்தி முடித்தனர். கடலுக்கடியிற் கிடந்த உத்திரங்களைத் தேடி எடுத்து மீண்டும் பொருத்திய அருஞ்செயல் அது. ஆகவே ஆற்றல் இல்லாதிருந்தது என்று எவரும் கூறமுடியாது. ஆனால் பாலத்தைக் கடந்த வண்டி இராமேஸ்வரத்துக்குத் திருப்பப்பட்டது. முன்னாளைய கிளைப்பாதை பிரதான பாதையாயிற்று. முன்னாளைய பிரதான பாதை கைவிடப்பட்டது. சென்னை அரசாங்கம் தனுஷ்கோடியை மக்கள் வாழ்வதற்கு ஏற்றதன்று என அறிவித்தது.

அத்தீர்மானம் சரியானதே என்று வாதிப்போருக்கு நியாயமுண்டு. இருபுறமும் கடல் அரிக்கும் மணற்றிட்டு அது. இன்னொரு புயலுக்கு மீண்டும் நூற்றுக்கணக்கானோரை இரையாக்கலாமா என்று கேட்டால் மறுமொழி கூறுவது கடினம். நிலையத்தை அவ்விடத்தில் மீளக் கட்டாதது குற்றமென்பதன்று இங்குள்ள வாதம். கட்டாமல் விட்டது மனிதரின் தீர்மானம். அதை இயற்கையின் தீர்மானமாக எழுதுவதே குற்றம். அன்றியும், ஊரை வாழத் தகாததென்று அறிவித்தவர்கள் அவ்வூர் மீனவருக்கு மாற்று வாழ்வைக் கடலோரத்தில் உறுதிசெய்திருப்பின் அவர்கள் மீண்டும் அம்மணலுக்கே வந்து ஓலைக்குடில் போட்டிருப்பார்களா? மின்சாரமும் குழாய்நீருமின்றித் தலைமுறையாக அங்கு மக்கள் வாழ்ந்து வந்திருக்க, அதை ஆளில்லாப் பேயூர் என்று எழுதுவது அறியாமை மாத்திரமன்று.

பாதை புயலோடு அழியவில்லை என்பதற்கு வேறெந்தச் சான்றையும்விட வலுவான சான்று, அதன் பின்னரான இருபதாண்டுக் காலமே. கப்பல் இராமேஸ்வரத்துக்கும் தலைமன்னாருக்குமிடையே ஓடியது. பின்னாளில் 'இராமானுஜம்' என்ற கப்பலும் அப்பணியிற் சேர்ந்தது. 1967ஆம் ஆண்டின் ஒப்பந்த அமுலாக்கற் சட்டத்தின் பின்னர் அதிலே ஏற்றப்பட்டோரிற் பெருந்தொகையினர் 'தாயகம் திரும்புவோர்' என்று பெயரிடப்பட்ட மலையகத் தமிழர். அட்டனிலும் நானுஓயாவிலும் பண்டாரவளையிலும் உறவினர் கட்டியழ வண்டியேறி, பொல்காவலை, மதவாச்சி வழியே தலைமன்னார்த் துறைக்கு வந்து, தாங்கள் ஒருபோதும் கண்டிராத தாயகத்துக்குத் 'திரும்பினர்'. இறங்கியதும் அவர்களிற் பலர் தங்கவைக்கப்பட்ட இடம், பாட்டன் அம்மைப்பால் கட்டிக்கொண்ட அதே மண்டபம் முகாம். பிறந்த பிள்ளைகளையும் சேர்த்து நான்கு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் இங்ஙனம் சென்றனர். நீலகிரியின் தேயிலையிலும் வேறிடங்களின் கல்லுடைப்பிலும் மீண்டும் கூலிகளாயினர். போட் மெயிலின் பொற்காலம் 1964இல் முடிந்துவிட்டது என்று எழுதுவோர், அதன் பின்னர் கப்பலில் ஏற்றப்பட்ட இந்த இலட்சங்களை எங்கே வைக்கின்றனர்? ஏக்கத்தோடு நினைவுகூரத்தக்க பிரயாணிகள் இல்லாதொழிந்தனர். அதனாற் பாதையும் இல்லாதொழிந்தது என்று எண்ணிக்கொண்டனர் போலும்.

1983இன் இனவெறியாட்டத்தையடுத்து, 1984இலே கப்பற் சேவை நின்றது. அதுவே கடைசிக் கதவு. கையிலே இந்தியக் கடவுச்சீட்டோடு போகவும் முடியாமல், இருக்க உரிமையுமின்றித் தோட்ட லயங்களிற் பல்லாயிரவர் அகப்பட்டுக்கொண்டனர். 1988ஆம் ஆண்டினதும் 2003ஆம் ஆண்டினதும் சட்டங்கள் வரும்வரை அவர்களின் நிலை இரண்டுங்கெட்டானாகவே இருந்தது. 1990இல் வட பாதையும் தலைமன்னார்ப் பாதையும் யுத்தத்திற் செயலிழந்தன. அத்தோடு மறுகரையின் நிலையமும் பாழாயிற்று. அதைப் பேய் நகரம் என்று எவரும் பட்டஞ் சூட்டவில்லை. அங்கு அழித்தது புயலன்று என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

யுத்தம் முடிந்தபின் தலைமன்னார் இறங்குதுறை வரையான பாதை மீளக் கட்டப்பட்டு, 2015 மார்ச் 14ஆம் திகதி இந்தியப் பிரதமர் மோடி கொடியசைக்க வண்டி புறப்பட்டது. 2017இல் தனுஷ்கோடிக்கு அப்பால் அரிச்சல்முனை வரை வீதி திறக்கப்பட்டது. 2019 மார்ச் மாதத்தில் இராமேஸ்வரம் - தனுஷ்கோடிப் பாதைக்கு அதே பிரதமர் அடிக்கல் நாட்டினார். 2025 ஏப்பிரல் மாதத்திலே புதிய பாம்பன் பாலமும் திறக்கப்பட்டது. இத்துணை விழாக்களுக்கும் இடையில், தலைமன்னாருக்கும் தமிழகக் கரைக்கும் நடுவே ஒரு கப்பல் ஓடவில்லை. நாகபட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்கு 2023இல் தொடங்கிய சேவை வேறு பாதை. அதன் கட்டணத்தைக் கொடுத்து எந்தத் தோட்டத் தொழிலாளி தன் பாட்டனின் ஊரைத் தேடிச் செல்வான் என்பதும் வேறு கேள்வி. தனுஷ்கோடிப் பாதையை மீளக் கட்ட வேண்டும் என்போர் முன்வைத்த நியாயமும் யாத்திரிகரையும் உல்லாசப் பிரயாணிகளையும் பற்றியதே. முதன்முதலில் அப்பாதை எவருக்காகப் போடப்பட்டதோ அவர்களின் பெயர் அந்தப் பேச்சில் இல்லை. பாழடைந்த நிலையத்தின் முன்னே வந்து நிற்பவருக்கு அங்குள்ள சிப்பிமாலைக் கடைகளிலே புயலின் கதை கிடைக்கும். மண்டபத்தின் பதிவேடுகளைப் பற்றி, 1939ஐப் பற்றி, ஐம்பத்து மூன்று நாளைப் பற்றி ஒரு சொல்லும் கிடையாது.

பல்கலைக்கழகங்களிற் தமிழும் வரலாறும் கற்போர் இதிலே செய்யக்கூடியது சிறிதன்று. அப்பாதையால் வந்தோரின் பிள்ளைகளும், 1970களில் உடன்பிறந்தாரை அட்டன் மேடையில் வழியனுப்பி நின்றோரும் முதுமையின் எல்லையில் உள்ளனர். அவர்களின் நினைவிலே தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் ஒரு வரலாறு உண்டு. அதைச் சென்று கேட்டு எழுதாமல், அச்சான புயற்கதையை மறுபடி அச்சிடுவதற்கு ஆய்வு வேண்டியதில்லை, கத்தரிக்கோல் போதும்.

2022 மார்ச் மாதம், இலங்கையின் பொருளாதாரம் நிலைகுலைந்து எரிபொருளும் பால்மாவும் கிடையாத நாட்களில், மன்னாரிலிருந்து சிலர் கைக்குழந்தைகளோடு படகேறித் தனுஷ்கோடிக்கு அப்பாலுள்ள மணற்றிட்டொன்றிலும் அரிச்சல்முனைக் கரையிலும் இறக்கிவிடப்பட்டனர். அம்மணலில் முன்னர் நின்ற நிலையத்திலே சீட்டுக் கேட்டனர். இப்போது கடவுச்சீட்டுக் கேட்டனர். அது இல்லாதபடியால் வளர்ந்தோர்மீது வழக்குத் தொடுக்கப்பட்டது. பின்னர் யாவரும் மண்டபம் முகாமுக்கு அனுப்பப்பட்டனர்.